ஒண்டி ஆள்

"தம்பி, ஒண்டி ஆளுக்கு நாங்க ரூம் தர்றதில்ல." இந்த வாக்கியத்தை நான் எங்கே சேர்த்துவைத்திருந்தேன் என்று தெரியவில்லை. யோசிக்கவில்லை, தயங்கவில்லை, தொண்டையைக்கூடச் செருமிக்கொள்ளவில்லை. பல வருஷமாக வாயில் ஊறிக்கிடந்ததுபோலத் தானாக வந்து விழுந்தது. 2024 மே மாதம், மஞ்சக்குட்டையில் எங்கள் வீட்டு வாசல், சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். மழை வரப்போகிற மண்வாசம். பலா மரத்தடியில் பழம் ஒன்று விழுந்து பிளந்து, அந்த வாசம் வேறு. பையனுக்கு இருபத்துமூன்று இருபத்துநான்கு வயதுதான் இருக்கும். தோளில் ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு, கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். ஆவடிப் பக்கம் ஏதோ கிடங்கில் வேலை, ரெண்டு நாள் லீவு என்றான். ஏற்காட்டில் ஏரியைச் சுற்றி எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்தாயிற்றாம். யாரோ எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். "சின்ன ரூமா இருந்தாக்கூட போதும்ணா, கொஞ்சம் கம்மியா பாத்துக் குடுங்கண்ணா." நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, கெஞ்சவுமில்லை. அன்றைக்கு அதை ஏழெட்டு முறை கேட்டுவிட்ட முகம் அது. "சரிண்ணா" என்று திரும்பினான். வெளியே போய், இரும்புக் கேட்டின் கொக்கியைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டுப் போனான். எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் யாரும் அந்தக் கேட்டைச் சாத்துவதில்லை. ராத்திரியில் மாடு புகுந்து செடியை மேயும். அவன் சாத்தினான். இத்தனை நாள் கழித்தும் அந்தக் கொக்கி விழுந்த சத்தம்தான் காதில் நிற்கிறது.

அந்த அறையைக் கட்டி அப்போது ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அப்பா எஸ்டேட்டில் ரைட்டர். செக்ரோல் எழுதி, கூலிக் கணக்குப் போட்டு, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் வாங்கிய இடம். (எங்கள் குடும்பத்தில் ரைட்டர் என்ற பட்டம் அவருக்கே உரியது. நான் எழுதுவதை அவர் ஒரு வேலையாகவே ஒப்புக்கொண்டதில்லை.) கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, நாலு பலா. சீசன் என்றால் எனக்குச் சின்ன வயசில் கார்த்திகை, மார்கழி, தை. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்கள். பங்குனியில் இறங்குகிற மழைக்குப் பூ மழை என்று பேர். அது பொய்த்தால் அந்த வருஷம் போயிற்று என்று அப்பா சாப்பாட்டின் பாதியில் எழுந்துவிடுவார். இப்போது சீசன் என்றால் மே. கோடை விழா, மலர் கண்காட்சி, சேலத்திலிருந்து ஏறுகிற இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார்மேல் கார். எங்கள் அறை மற்ற மாதங்களில் எண்ணூறு ரூபாய், மேயில் மூவாயிரத்து ஐந்நூறு. அது நான் வைத்த விலை இல்லை, சுற்றி எல்லோரும் வாங்குவதை நானும் வாங்குகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். அந்த வருஷம் மே 7ஆம் தேதியிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஏற்காட்டுக்கு அப்படி எந்தச் சீட்டும் வேண்டியிருக்கவில்லை. 'ஏழைகளின் ஊட்டி' என்று எங்கள் மலைக்கு ஒரு பட்டம் உண்டு, பத்திரிகைத் துணுக்கிலிருந்து பள்ளிக்கூடக் கட்டுரை வரைக்கும். எனக்கு அது பிடித்ததே இல்லை. இன்னொரு மலையின் மலிவுப் பதிப்பாக இருப்பதில் ஒரு மலைக்கு என்ன பெருமை? அதுவும் போக, மே மாதத்தில் எந்த ஏழைக்கு இங்கே இடம் இருக்கிறது? காலையில் சேலத்தில் பஸ் ஏறி, ஏரியைப் பார்த்து, கட்டிவந்த புளிச்சோற்றைப் பூங்காவில் பிரித்துத் தின்று, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் இறங்கிவிடுகிறவர்கள் ஏழைகள். இருட்டிய பிறகு மலையில் தங்குவதற்குத்தான் விலை.

ஒண்டி என்பது எங்கள் சேலத்துப் பக்கமும் வட ஆற்காட்டுப் பக்கமும் புழங்குகிற சொல். தனியாக என்று சொல்வதைவிட ஒண்டியாக என்று சொல்லும்போது ஒரு துளி இரக்கம் கூடுகிறது, ஒரு துளி சந்தேகமும். ஒண்டிக்கட்டை என்றால் வீட்டில் விளக்கேற்ற ஆளில்லாதவன், எதற்கும் பொறுப்பில்லாதவன், எதையும் செய்யக்கூடியவன். அதே சாயலில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: மழைக்கு ஒண்டுவது. திண்ணையில் ஒண்டினோம், மரத்தடியில் ஒண்டினோம், ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதானா என்பதை மொழி அறிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், என் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. பரதேசி என்ற சொல்லுக்கு நேர்ந்ததையும் பாருங்கள். வேறு தேசத்திலிருந்து வந்தவன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இன்றைக்கு யாரையாவது பார்த்து அப்படிச் சொன்னால் சட்டையைப் பிடிப்பான். ஊர்சுற்றி, நாடோடி, தனிக்கட்டை, எல்லாம் வசவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற சொற்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்கிற பழமொழி மட்டும் வேறு பக்கமிருந்து பேசுகிறது. எங்கள் மலைக்கு அது பழமொழி இல்லை, நிலத்தின் கதை. மலையாளிப் பழங்குடிகள் குடியிருந்த மலை இது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு துரைமார் எஸ்டேட்டுகள், பிறகு அவர்களிடம் வாங்கியவர்கள், அவர்களுக்குக் கணக்கெழுத வந்த என் அப்பாவைப் போன்றவர்கள், இப்போது ரிசார்ட்டுக்காரர்கள். ஒண்ட வந்தவர்களின் வரிசையில்தான் என் வீடும் நிற்கிறது. ஒரே ஒரு ராத்திரி ஒண்ட வந்தவனிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுகிற தைரியம் எனக்கு வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லையோ என்னவோ.

ஆனால் நானும் ஒருமுறை ஒண்டி ஆளாக நின்றவன். உறுத்தல் அங்கேதான். 2011 மே, சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த அடுத்த வாரம். மலையில் வளர்ந்தவர்களுக்குக் கடல்மேல் ஒரு கிறுக்கு உண்டு. எங்களுக்குத் தூரம் என்பது எப்போதும் கீழே இருப்பது. கண்ணுக்கு நேராக ஒரு தூரம் இருக்க முடியும் என்பதையே நம்ப முடியாது. ஊரெல்லாம் மேலே ஏறுகிற மாதத்தில் நான் கீழே இறங்கினேன். சட்டைப்பையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை. அங்கிருந்து வேறு பஸ், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். சீசன் என்பது மலைக்கு மட்டும் உள்ள நோய் என்றே நினைத்திருந்தேன். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் உள்ளே இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். கீழே, 1914இல் திறந்த ரயில் பாலம் தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. பாலத்தின்மேல் நின்றுகொண்டிருந்த கார்களையும் வேன்களையும் பார்த்தபோதுதான் புரிந்தது, எங்கள் கொண்டை ஊசி வளைவில் நிற்கிற அதே கார்கள். பள்ளிக்கூடம் மூடிய மாதத்தில் இந்த நாட்டில் கடலுக்கும் மலைக்கும் ஒரே கூட்டம்தான், ஆள் மாற்றிப் போகிறது. ராமேஸ்வரம் தீவுக்குள் இறங்கியதும் கன்னத்தில் அறைகிற காற்று. கச்சான் என்றார் டீக்கடைக்காரர். இந்தக் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் நீரிணை குளம்போலக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழ். ஆண் கடல், பெண் கடல் என்று அவர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரு கட்டில்.

முதல் லாட்ஜில் சாவிப் பலகை நிறையச் சாவி தொங்கியது. கணக்குப் பிள்ளை மாதிரி ஒருவர், நெற்றி நிறைய விபூதி, நோட்டைத் திறந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டார். "எத்தனை பேரு?" நான் மட்டும்தான் என்றேன். "ஃபேமிலி பின்னாடி வருதாக்கும்?" இல்லை என்றேன். பேனா மூடிக்குள் போயிற்று. "தனியாவா வந்தீக? தனி ஆளுக்குக் குடுக்கிறதில்ல தம்பி." ஏன் என்று கேட்டதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, கண்ணால் மட்டும், மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் காட்டினார். பிறகு நோட்டை மூடினார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். சாதாரண ஃபேன், ஒரு இறக்கையில் மட்டும் தூசி கூடுதலாக. எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. "போலீசு, ஸ்டேசன், கோர்ட்டுன்னு அலையறது நாங்கதான?" என்றார், குரலில் விரோதமே இல்லாமல். அதற்கப்புறம் ஏறி இறங்கிய இடங்களில் ஒன்றில் தருவதாகச் சொன்னார்கள், டபுள் ரூம், சீசன் ரேட், இரண்டு பேருக்கு உண்டான பணத்தை நான் ஒருவனே கட்ட வேண்டும். என் ஆயிரத்து ஐந்நூறு அங்கேயே தீர்ந்திருக்கும். அறைகள் ஆளுக்கு விலை வைக்கப்படுவதில்லை, கட்டிலுக்கு வைக்கப்படுகின்றன. கட்டிலோ இரண்டு பேரை எதிர்பார்த்தே செய்யப்படுகிறது. கூட வராத ஒருவருக்கும் சேர்த்துக் கொடுக்கிற வாடகையைத்தான் தனியாகப் பயணம் போவது என்கிறோம்.

சத்திரங்கள் இருக்கின்றன, அங்கே போ என்றார் டீக்கடைக்காரர். ராமேஸ்வரத்தில் சத்திரத்துக்கும் மடத்துக்கும் குறைவில்லை, தெருவுக்குத் தெரு உண்டு, மலிவும்கூட. நான் போன இடத்தில் வயதானவர் ஒருவர் பாயை உதறிக்கொண்டே விசாரித்தார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், பூர்வீகம் எது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "குலசாமி எங்க இருக்கு?" என்று கேட்டபோது நின்றுவிட்டேன். இவ்வளவு நாசூக்காக ஜாதி கேட்கிறவரை நான் அதுவரை சந்தித்ததில்லை. "நம்ம ஆளுகளுக்குன்னு கட்டுனது" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். பல வருஷம் கழித்து, தஞ்சாவூர் மன்னர் சரபோஜி 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தின் விவரங்களைப் படிக்க நேர்ந்தபோது இந்தப் பெரியவர் பாயோடு வந்து நின்றார். ராமேஸ்வரம் போகிற வழியில் தன் முன்னோர் வைத்த சத்திரங்களைத் தன் பொறுப்பிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று மன்றாடுகிற கடிதம் அது. அங்கே என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறார். எல்லா ஜாதிக்காரருக்கும், பைராகி, ஜங்கமர், யோகி என்று வருகிற எல்லோருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசி. வழியில் நோயில் விழுந்தவர்களுக்கு வைத்தியம். எனக்கு மறக்காதது ராத்திரி மணி. நடு இரவு வரைக்கும் சோறு போட்டு முடித்து, பிறகு ஒரு மணியை அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா, வரலாம் என்று கூவுவார்களாம். எத்தனை பேர் என்று கேட்கிற இடமில்லை அது. பந்தி வேறு வேறாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம், அந்தச் சோறும் யாரோ குடியானவனின் நிலத்திலிருந்து வரியாக வந்ததுதான். அரசர்கள்மேல் எனக்கு மயக்கம் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்து முக்தாம்பாள் சத்திரம் ஒரத்தநாட்டில் இன்னும் நிற்கிறது. ஒருமுறை போய் அந்தத் தூண்களின் நடுவே நின்றேன், மணி எங்கே தொங்கியிருக்கும் என்று பார்த்தேன். தெரியவில்லை.

இன்னொன்றும் தோன்றும். காசில்லாமல் ஊர் போவதற்கு நம்மிடம் இருக்கிற மிகப் பழைய வழிகாட்டிகள் ஆற்றுப்படைகள். பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், பட்டினியோடு எதிரே வருகிற பாணனுக்கு வழி சொல்கிறான். இந்த ஊரில் இது கிடைக்கும், அந்த ஊரில் அது கிடைக்கும் என்று. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகிறவன் வழியில் எயிற்பட்டினத்துக் கடற்கரையில் பரதவர் தரும் கள்ளையும் சுட்ட உலர்ந்த குழல் மீனையும் தின்னலாம். சீசன் ரேட் இல்லை, ஆதார் நகல் இல்லை. கல்லூரியில் இதைப் படித்தபோது தமிழனின் விருந்தோம்பல் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். அன்றைக்கு நான் கவனிக்காதது, அந்தப் பாணன் ஒருபோதும் தனியாக வருவதில்லை. விறலி வருகிறாள், பிள்ளைகள் வருகிறார்கள், பசித்த சுற்றம் முழுவதும் வருகிறது. நம்முடைய விருந்தோம்பலுக்கு ஏழையைத் தெரியும், கூட்டத்தைத் தெரியும். ஒற்றையாக வந்தால் அவன் துறவியாக இருக்க வேண்டும். துறவியும் இல்லை, தூதனும் இல்லை, யாத்திரையும் இல்லை, சும்மா கடல் பார்க்க வந்தேன் என்று ஒருவன் சொன்னால் எந்தத் திணையில் உட்காரவைப்பது? எங்கள் மலையிலும் அப்படித்தான். உச்சியில் இருக்கிற சேர்வராயன் கோயில் திருவிழாவின்போது மலைக்கிராமத்துச் சனங்கள் அந்த மைதானத்தில் வந்து தங்குவார்கள். வெட்டவெளியில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்கள். அங்கேயும் ஒண்டியாக ஒருவன் ஓரமாகப் படுத்திருந்தால், யாராவது ஒருத்தர் வந்து இன்னார் வீட்டுப் பிள்ளையா நீ என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

அன்று ராத்திரி நான் அக்னி தீர்த்தக் கரைக்குப் பக்கத்தில், சுவரோரம் துண்டை விரித்தேன். உப்புக் காற்றில் துண்டு பிசுபிசுத்தது. பக்கத்தில் ஆரணிப் பக்கத்திலிருந்து டூரிஸ்ட் பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம், முப்பது நாற்பது பேர், ஊரையே பெயர்த்துக்கொண்டு வந்ததுபோலப் பாத்திரமும் மூட்டையுமாக. அதில் ஒரு கிழவி வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், "ஒண்டியாவா வந்துக்கினே? யாருக்குத் திதி?" ராமேஸ்வரத்துக்கு ஒருவன் தனியாக வந்தால் அவன் வீட்டில் யாரோ செத்திருக்க வேண்டும். அப்படி ஒன்றுமில்லை பாட்டி என்றதை அவள் நம்பவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் போலீஸ்காரர் ஒருவர் லத்தியைத் தரையில் தட்டிக்கொண்டே வந்தார். படுத்திருந்தவர்களை எண்ணுகிற மாதிரி டார்ச் ஒவ்வொரு முகமாக நகர்ந்து என்மேல் நின்றது. "இது யாரு?" "எங்க புள்ளதான் சார்" என்றாள் கிழவி, புரண்டுகூடப் படுக்காமல். டார்ச் நகர்ந்தது. இதை இங்கேயே நிறுத்தினால் கிழவி தெய்வமாகிவிடுவாள். காலை ஐந்து மணிக்கு எழுப்பி, நாங்க எல்லாரும் தீர்த்தமாடிட்டு வந்துடறோம், இதைப் பாத்துக்கோ என்று அத்தனை மூட்டைக்கும் என்னைக் காவல் வைத்துவிட்டாள். கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம், ஒவ்வொரு கிணற்றிலும் வரிசை, சீசன் கூட்டம். அவர்கள் ஈரத்துணியோடு திரும்பும்போது மணி பத்தரை. ராத்திரி தங்கியதற்கு வாடகை ஐந்தரை மணி நேரம். அநியாயம் என்று அப்போது தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. அவள் எனக்கு ஓர் இடம் கொடுத்தாள், கூட்டத்தில் ஒருவனுக்கு உண்டான வேலையையும் கொடுத்தாள்.

தனுஷ்கோடிக்கு அப்போது ரோடு கிடையாது. தார் ரோடு 2017இல்தான் வந்தது. முகுந்தராயர் சத்திரம் வரைக்கும் பஸ், அதற்கப்புறம் மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் உருண்டு போகிற வேன். சத்திரம் எங்கே என்று கேட்டேன். வேன்காரர் சிரித்தார், "பேருதான்." வண்டிக்கு இருபது பேர் சேர்ந்தால்தான் எடுப்பார். குடும்பம் குடும்பமாக வந்து ஏறி ஒவ்வொரு வண்டியும் நிறைந்து போயிற்று. ஒற்றையாள் என்றால் இடுக்கில் செருகலாம் என்று நினைப்பீர்கள். இல்லை, தங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் முகம் தெரியாத ஆண் உட்காருவதை எந்த அம்மாவும் விரும்பவில்லை. வெயிலில் ஒன்றரை மணி நேரம். அக்கரையில் 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள், நானும் எடுத்தேன். வாழத் தகாத இடம் என்று அரசாங்கம் சொல்லிவிட்ட மணலில் ஓலைக் குடிசைகள், சங்குக் கடைகள், வலை. மீன் தின்னலாம் என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். மீன்பிடித் தடைக்காலம். அப்போது நாற்பத்தைந்து நாள், இப்போது ஏப்ரல் 15 முதல் அறுபத்தொரு நாள். விசைப்படகெல்லாம் ராமேஸ்வரம் துறையில் கட்டிக் கிடந்தன. கடற்கரைக்குக் கூட்டம் வருகிற மாதமும் கடல் பெருக்கத்துக்காக வலை ஓய்கிற மாதமும் ஒன்றாக விழுந்திருக்கிறது. ராமேஸ்வரத்தில் நான் சாப்பிட்ட மீன் மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வந்தது என்று பரிமாறியவரே சொன்னார். குழல் மீனும் இல்லை, பரதவர் கள்ளும் இல்லை. தண்ணீர் மட்டும் கிடைத்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பெண் மணலில் குந்தி, கையாலேயே தோண்டிய குழியில் ஊறிவந்த தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் கொட்டாங்குச்சி என்போம். ஒரு முறை மொண்டால், அது ஊறிவரும்வரை கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார், பிறகு மறுபடி. கேட்டேன். ஒன்றும் விசாரிக்காமல் நீட்டினார். உப்பே இல்லை, கொஞ்சம் இளஞ்சூடு, அடியில் பொடிமணல். குடித்து முடித்துச் சிரட்டையைக் கொடுத்தபோது குழியில் தண்ணீர் இல்லை. என் பங்குக்கு அவர் இன்னும் ஒருமுறை காத்திருக்க வேண்டும் என்பது திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது.

இவ்வளவும் தெரிந்தவன்தான் பதின்மூன்று வருஷம் கழித்து அந்தப் பையனிடம் அதைச் சொன்னான். பட்டவனுக்குத் தெரியும் என்பார்கள். பட்டவன் கற்றுக்கொள்வது சில சமயம் அந்த வாக்கியத்தைத்தான். என் பக்கத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டில் கல்லூரி போகிற மகள் இருக்கிறாள், அறைக்கும் எங்கள் கூடத்துக்கும் நடுவே ஒரு கதவுதான். ஃபேனைக் காட்டிய மனிதர் ஏதோ ஒன்றைப் பார்த்த பிறகுதான் அப்படிக் காட்டியிருப்பார். தெரிந்த ஆசிரியை ஒருவர் கன்னியாகுமரியில் லாட்ஜ் கவுண்டரில், வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார் என்று சொல்லி, இல்லாத அந்த மனிதருக்காக ஒரு டீயும் வாங்கிவைத்து அறை எடுத்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அவருக்கு முன்னால் என் ஒரு ராத்திரித் துண்டுக்கதை எந்த மூலை? பெண் ஒண்டியாக வந்து என் வாசலில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று நினைத்துப் பார்த்தேன். உள்ளே கூப்பிட்டிருப்போம், காப்பி கொடுத்திருப்போம், பிறகு அவள் அப்பாவின் போன் நம்பரைக் கேட்டிருப்போம். இதெல்லாம் அவன் போன பிறகு அடுக்கிய நியாயங்கள். சொன்ன நொடியில் மனதில் இருந்தது மகள் இல்லை, ஃபேனும் இல்லை. இன்னும் மணி ஆறரைதான், கூட்டமாக யாராவது வருவார்கள் என்பதுதான் இருந்தது. வந்தார்கள். அரை மணி நேரத்தில் ஒரு வண்டி, ஏழு பேர், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் முகம் தெரியாதவர்கள். எத்தனை பேர் என்று கேட்டேன், எழுதிக்கொண்டேன், மூவாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டேன். மகளைப் பற்றிய யோசனை அப்போதும் வரவில்லை. ஏழு பேர் என்றால் ஒருவனுக்கு ஒருவன் சாட்சி என்று நம்பிவிடுகிறோம் போல.

எட்டு மணிக்கு மழை பிடித்தது. கோடை மழை, தகரத்தில் கல்லைக் கொட்டுகிற மாதிரி, ஒன்றரை மணி நேரம். மனைவி அடுப்படியிலிருந்து, "அந்தப் பையனுக்கு பஸ் கெடச்சிருக்குமா?" என்று கேட்டாள். கிடைத்திருக்கும் என்றேன். மணி என்ன என்று இருவருமே பார்க்கவில்லை. ஏழு பேரும் பாட்டை வைத்தார்கள், சிரித்தார்கள், ஏதோ பாட்டில் காப்பிச் செடிக்குள் போய் விழுந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு பெட்ஷீட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டார்ச்சோடு ரோட்டுக்கு நடந்தேன். எதற்கென்று கேட்காதீர்கள். கேட்டின் கொக்கி மாட்டியபடி இல்லை, ஏழு பேர் வந்த கார் அதைத் திறந்துபோட்டிருந்தது. பஸ் நிற்கிற நிழற்குடையில் யாரும் இல்லை. பெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் இல்லாமல் இருந்தது, அதன் கீழே பிஸ்கட் உறை ஒன்று, நாலாக மடித்து இடுக்கில் செருகியிருந்தது. அது அவனுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூடுபனியில் டார்ச் பத்தடிக்கு மேல் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். வாசலில் ஏழு பேரில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான், குளிரில் கையை உரசிக்கொண்டு. "அண்ணே, எக்ஸ்ட்ரா பெட்ஷீட் கெடைக்குமா?" எத்தனை என்று கேட்டேன். ஒன்று போதும் என்றான். கக்கத்தில் இருந்ததைக் கொடுத்தேன். அதற்கு நூறு ரூபாய். காலையில் கணக்கில் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.